அப்பாவைக் காணவில்லை என்று போட்ட பதிவு

அப்பா ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வைத்தியத்துக்காக வேலூருக்கு வரும் வடக்கத்தி ஜனங்களை வருஷக்கணக்கில் மேலும் கீழும் ஏற்றி இறக்கியதில் வங்காளி, இந்தி, தெலுங்கு எல்லாம் அவருக்குக் கொஞ்சம் கொஞ்சம் வந்துவிட்டிருந்தது. எந்த மாடி, யாரைப் பார்க்கணும், பயப்படாதீங்க. இவ்வளவையும் எந்தப் பாஷைக்காரரிடமும் சொல்லிவிடுவார். அதற்கு மேல் அவர்கள் ஏதாவது கேட்டால் சிரித்துச் சமாளிப்பார்.

அம்மா இறந்த மறுவருஷம் அவருக்கு மறதி தொடங்கியது. முதலில் சாப்பிட்டதை மறந்தார், பிறகு கிழமையை. சத்துவாச்சாரியில் எங்கள் தெருமுனைக் கடைக்குப் போய் பேப்பர் வாங்கி வருவதும், சாயங்காலம் பக்கத்துப் பூங்காவை ஒரு சுற்று சுற்றி வருவதும் மட்டும் பிசகாமல் நடந்தன. "அந்த நடையை மட்டும் நிறுத்திடாதீங்க. அது இருக்கிற வரைக்கும் அவர் அவரா இருப்பார்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில், ஏற்றுமதிப் பிரிவில் வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து அழைத்துப் போகும். நான் திரும்பும்வரை எதிர்வீட்டு அம்மா அவ்வப்போது வந்து அப்பாவைப் பார்த்துக்கொள்வார். தங்கை ஆம்பூரில் டீச்சர். அங்கேயே குடும்பம், குழந்தைகள்.

வேலை, வீடு, சர்ச். இது போக எனக்கென்று இருந்தது ஃபோனில் அந்த ஒரு தளம்தான். அதன் பெயரைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர்க்காரர்கள் நிறையப் பேர் அதில் இருந்தோம். கரண்ட் எப்போது வரும், பாலாற்றில் தண்ணீர் வந்துவிட்டதே எந்தப் பாலத்தில் போகலாம், எந்தக் கடை பிரியாணியில் இப்போதெல்லாம் கறி கம்மி என்று எல்லாமே அங்கே தெரிந்துவிடும். அம்மா படுத்திருந்தபோது ஒரு ஊசி மருந்து எங்கேயும் கிடைக்கவில்லை. அங்கே எழுதிப் போட்டேன். கொஞ்ச நேரத்தில், முகம் தெரியாத ஒருவர் குடியாத்தத்தில் ஒரு கடையில் இருக்கிறது என்று சொன்னதோடு, தானே வாங்கிக்கொண்டு பைக்கில் வந்து கொடுத்துவிட்டுப் போனார். அந்த மருந்தால் அம்மா பிழைக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து, கையில் ஃபோன் இருக்கும்வரை நான் தனியாள் இல்லை என்று ஒரு எண்ணம் எனக்கு விழுந்துவிட்டது.

பிறகு அந்தத் தளம் கெட்டுப்போக ஆரம்பித்தது. ஒரே நாளில் அல்ல, பால் திரிவது போல. முதலில் பழைய பதிவுகள் புதியவை போல மேலே வந்தன. எப்போதோ இறந்துபோனவருக்கு இன்று இரங்கல் எழுதினார்கள். மழை விட்டு இரண்டு நாள் கழித்து மழை வருகிறது என்ற செய்தி வந்தது. அப்புறம் வரம்பு என்று ஒன்று கொண்டுவந்தார்கள். 'இன்றைய வரம்பு முடிந்தது. பிறகு முயற்சிக்கவும்.' எவ்வளவு பார்த்தால் வரம்பு, எவ்வளவு எழுதினால் வரம்பு என்று யாருக்கும் தெரியவில்லை. சில நாள் சாயங்காலம்வரை ஓடும். சில நாள் திறந்ததுமே மூடிக்கொள்ளும். காசு கட்டினால் வரம்பு கூடும் என்றார்கள். கட்டியவர்களும் புலம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். கம்பெனியில் என் பக்கத்து மேசையில் இருப்பவர் ஆம்பூர்க்காரர், என்னைவிட வயதில் சின்னவர். "விடுக்கா, பேஜார் புடிச்ச ஆப்பு அது. தூக்கிப் போடு" என்பார். ஆனால் அவரும் போடவில்லை. எல்லாரும் அங்கே இருந்ததால் எல்லாரும் அங்கேயே இருந்தோம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவை நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, கையில் டீயைக் கொடுத்துவிட்டு, உள்ளே மறந்து வைத்திருந்த அவருடைய குடையை எடுத்துவரப் போனேன். வாசலில் ஒரு பெண்மணி பிடித்துக்கொண்டு அவருடைய மகள் பரீட்சையைப் பற்றிச் சொன்னார். கேட்டுவிட்டுத் திரும்பி வந்தால் நாற்காலி காலியாக இருந்தது. டீ டம்ளர் நாற்காலிக் காலருகே கவனமாக ஓரமாக வைக்கப்பட்டிருந்தது.

பாத்ரூம் போயிருப்பார் என்றார்கள். இல்லை. வீட்டுக்கு நடந்திருப்பார் என்றார்கள். வீடு பூட்டியபடி இருந்தது. பூங்காவில் இல்லை, பேப்பர் கடையில் இல்லை. சர்ச்சில் இருந்த ஆண்கள் பைக்கை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நான் சர்வீஸ் ரோடு ஓரமாகவே நடந்து, வெள்ளைச் சட்டை போட்ட ஒவ்வொரு வயசானவரின் முகத்தையும் பார்த்தேன். பஸ்கள் ராணிப்பேட்டை, வாலாஜாபேட்டை, ஆற்காடு என்று கத்திக்கொண்டே ஆட்களை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் அவர் ஏறியிருந்தால் எங்கே என்று தேடுவது என்று நினைத்தபோதுதான் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன்.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டு நல்ல மனுஷர். உட்காரச் சொன்னார். அப்பாவின் போட்டோவை வாங்கிக்கொண்டு மற்ற ஸ்டேஷன்களுக்குச் சொன்னார். பிறகு, "நீங்களும் நெட்ல போட்டு வைங்க மேடம். எங்கள விட அதுல சீக்கிரமா தகவல் வருது" என்றார்.

எனக்கும் அதேதான் தோன்றியிருந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அப்பாவின் போட்டோ, என்ன சட்டை, எங்கிருந்து காணாமல் போனார், மறதி உள்ளவர், பார்த்தவர்கள் தயவுசெய்து இங்கேயே தெரிவிக்கவும், பகிரவும். என் ஃபோன் நம்பரைப் போடவில்லை. அம்மாவின் மருந்துக்காக நம்பரைப் போட்டபோது யார் யாரோ மாசக்கணக்கில் வீடியோ காலில் வந்து தொந்தரவு செய்தார்கள். தளத்திலேயே பதில் வரட்டும் என்று விட்டேன்.

பதிவு போய்ச் சேர்ந்தது என்று காட்டியது. கொஞ்ச நேரத்தில் மணிப் படம் போட்ட அடையாளத்தின் மேல் சிவப்பாக ஒன்று என்று வந்தது. உங்கள் பதிவுக்கு ஒருவர் பதில் எழுதியுள்ளார். அழுத்தினேன்.

'இன்றைய வரம்பு முடிந்தது. பிறகு முயற்சிக்கவும்.'

காலையில் இட்லி வேகும் நேரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். அது கணக்கில் வந்ததா, இல்லை பதிவு போட்டதே கணக்கில் வந்ததா, தெரியாது. மூடித் திறந்தேன். ஃபோனை அணைத்துப் போட்டேன். மறுபடி அதே வாசகம். நம்பரையாவது பதிவில் சேர்த்துவிடலாம் என்று பார்த்தால் திருத்தவும் விடவில்லை. புதிதாக இன்னொன்று எழுதவும் விடவில்லை. ஆனால் அந்த எண் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. ஒருவர் பதில் எழுதியுள்ளார், மேலும் ஒருவர் பதில் எழுதியுள்ளார். என் அப்பாவைப் பற்றி யார் யாரோ என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் எங்கே இருக்கிறார் என்பது ஒருவேளை அதில் இருந்தது. அது என் உள்ளங்கையில் இருந்தது. என்னால் படிக்க முடியவில்லை.

தங்கை ஆம்பூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். அவளுக்கு அதில் கணக்கே இல்லை. புதிதாகத் தொடங்கப் பார்த்தோம். வரவேண்டிய ரகசிய எண் வரவே இல்லை. கம்பெனியில் பக்கத்து மேசைக்காரருக்கு ஃபோன் செய்தேன்.

"உன் ஆப்புல பாரு. என் பேர் போட்டுத் தேடு. கீழ இன்னா எழுதியிருக்காங்கன்னு படிச்சுச் சொல்லு."

தேடும் சத்தம் கேட்டது. பிறகு, "அக்கா, உன் பேர்ல ஒண்ணுமே காட்டலயே. போன வாரம் நீ போட்ட சாம்பார் விஷயம்தான் மேல நிக்குது" என்றார்.

"நல்லா பாரு."

"பார்த்துனுதான் இருக்கேன்க்கா. இரு. ஐயோ, எனக்கும் முடிஞ்சுதுன்னு வந்திருச்சு."

காசு கட்டிப் பார்க்கலாம் என்றாள் தங்கை. கார்டு நம்பரைப் போட்டோம். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து, இந்தச் சேவை உங்கள் பகுதியில் தற்போது இல்லை என்று சொன்னது. தங்கை என் கையிலிருந்து ஃபோனைப் பிடுங்கி பெஞ்சில் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். "அத பார்க்காத அக்கா. பைத்தியம் புடிச்சிடும்" என்றாள். கவிழ்த்து வைத்த ஃபோன் பெஞ்சில் சின்னச் சின்னதாக அதிர்ந்துகொண்டே இருந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சர்ச் குரூப்பில் எல்லாரும் ஜெபிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு ஜெபிக்க வரவில்லை. வெயில் ஸ்டேஷன் வாசலில் இருந்து படிகளுக்கு இறங்கி, பிறகு ரோட்டுக்குப் போனது.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஏட்டுவின் ஃபோன் அடித்தது. பேசிவிட்டு எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். "வாலாஜாபேட்டையில இருக்காரு. பத்திரமா இருக்காரு. ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்க இருக்கிற நர்ஸ் போலீஸ்க்கு போன் பண்ணியிருக்கு" என்றார்.

ஆட்டோவில் போனோம். அது மூன்று மாடி ஆஸ்பத்திரி. அப்பா கீழ்த்தளத்தில், லிஃப்டுக்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையில் யாரோ கொடுத்த மோர். எங்களைப் பார்த்ததும் அவர் சந்தோஷப்படவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை.

"இன்னும் ஆள் வரல பாப்பா. மாத்திவிட ஆள் வராம எப்படி வுட்டுட்டு வர்றது?" என்றார்.

நர்ஸ் சின்னப் பெண். அவள்தான் நடந்ததைச் சொன்னாள். மதியம் எப்படியோ வந்திருக்கிறார். நேரே லிஃப்டுக்குள் போய் பட்டன் பக்கமாக நின்றுகொண்டார். வருகிறவர்களிடமெல்லாம் எந்த மாடி என்று கேட்டு அழுத்திவிட்டிருக்கிறார். ஸ்ட்ரெச்சர் வந்தால் மற்றவர்களை ஒதுங்கச் சொல்லியிருக்கிறார். "யாரோ பேஷண்ட் கூட வந்தவர்னுதான் நெனச்சோம். ரொம்ப நேரம் கழிச்சுதான் எனக்குத் தோணுச்சு, இவர் தண்ணிகூடக் குடிக்கலயேன்னு. அப்பதான் எங்க லேப்ல இருக்கிற பொண்ணு ஃபோன்ல நீங்க போட்ட போட்டோவக் காட்டுச்சு."

"போட்டோவைப் பார்த்தீங்களா?" என்றேன்.

"பார்த்தேன்க்கா. உடனே பதில் போட்டேன். இங்க இருக்காரு, பயப்படாதீங்கன்னு. நம்பர் கேட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். நீங்க பார்க்கவே இல்ல. பெத்தவரத் தொலைச்சிட்டு இப்படியும் இருப்பாங்களான்னு எனக்குக் கோவம் கூட வந்துச்சு. அப்புறம் எனக்கும் வரம்பு முடிஞ்சுதுன்னு வந்திடுச்சு. அதுக்கப்புறம்தான் போலீஸ்க்கு அடிச்சேன்."

முதலில் வந்த அந்த ஒரு பதில் அவளுடையதாக இருந்திருக்கலாம். அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன். அப்பா எழுந்திருக்க மறுத்தார். கடைசியில் அந்தப் பெண்தான் லிஃப்டுக்குள் போய் நின்று, "நான் டூட்டிக்கு வந்துட்டேன் ஐயா. நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கதவு கொஞ்சம் ஒட்டுகிறது, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டு எங்களோடு வந்தார்.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் தளம் திறந்தது. முதல் வேலையாகப் பதிவை அழிக்கப் போனேன். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று வந்தது. அடுத்த நாளும் அப்படியே. கிடைத்துவிட்டார், நன்றி என்று அதற்குக் கீழே எழுதினேன். என் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்து மேசைக்காரர் அவருடைய ஃபோனில் பார்த்தால் தெரியவில்லை. சரி, பழைய பதிவு தானாக அமுங்கிப்போகும் என்று விட்டுவிட்டேன். அமுங்கியும் போனது. அப்பா மறுபடி பேப்பர் வாங்கப் போனார், சாயங்காலம் நடந்தார். நான் எதிர்வீட்டு அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கண் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவ்வளவுதான் மாற்றம்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள், பூங்காவில் நடந்துகொண்டிருந்த அப்பாவை பைக்கில் வந்த இரண்டு பேர் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். எதிர்வீட்டு அம்மா ஓடிப்போய்ச் சொல்லி விடுவித்தார். அவர்கள் ஃபோனைக் காட்டியிருக்கிறார்கள். என்னுடைய பதிவு. அன்று காலையில் போட்டது போல மேலே வந்திருந்தது. கிடைக்க வேண்டிய நாளில் பக்கத்து மேசைக்காரருக்குக்கூடக் கிடைக்காத பதிவு, இப்போது ஊரெல்லாம் போய்க்கொண்டிருந்தது. பகிர்ந்தவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து எனக்குப் பயமாக இருந்தது. அத்தனை பேரும் நல்லவர்கள். அதுதான் கஷ்டம். யாரைக் கோபித்துக்கொள்வது?

அதன் பிறகு அப்பாவால் நிம்மதியாக நடக்க முடியவில்லை. பேப்பர் கடையில் ஒரு அம்மா அவரைப் பிடித்து உட்காரவைத்து டிபன் வாங்கிக்கொடுத்துவிட்டுப் போலீசுக்குச் சொன்னார். ஒரு ஆட்டோக்காரர் அவரை வண்டியில் ஏற்றி நேரே ஸ்டேஷனுக்கே கொண்டுபோய்விட்டார். கம்பெனியிலிருந்து பாதி வேலையில் ஓடினேன்.

"இன்னா மேடம், மறுபடியுமா?" என்றார் அதே ஏட்டு.

"காணாம போகல சார். வீட்டு வாசல்லதான் நடந்துனு இருந்தார். அந்தப் பழைய பதிவுதான்."

"அத எடுத்துட வேண்டியதுதானே?"

"எடுக்க முடியல சார்."

அவர் நம்பவில்லை. ஃபோனை வாங்கித் தானே அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆட்டோக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாடகை வேண்டாம் என்றவர், "பெத்தவங்கள இப்படி ரோட்ல வுடக் கூடாதும்மா" என்று என்னிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

தளத்துக்குப் புகார் எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில். அங்கே ஆள் என்று யாராவது இருக்கிறார்களா என்றே தெரியவில்லை. கணக்கையே மூடிவிடலாம் என்று பார்த்தால், மூடினாலும் பகிரப்பட்ட பதிவுகள் அப்படியே இருக்கும் என்று போட்டிருந்தது. மூடிவிட்டால் என்றைக்காவது அழிக்க முடிந்தாலும் அழிக்க ஆள் இருக்காது. அதனால் அந்தக் கணக்கை இன்றும் வைத்திருக்கிறேன்.

கடைசியில் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்தேன். 'இவர் காணாமல் போகவில்லை. இவர் வீடு அடுத்த தெருவில் இருக்கிறது.' கூடவே என் நம்பர். யாராவது பிடித்தால் அதைக் காட்டச் சொன்னேன். அன்று சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்தபோது அவர் கூடத்தில் உட்கார்ந்து அந்த அட்டையைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாப்பா?" என்றேன்.

"நான் காணாம போய்ட்டனா பாப்பா?"

"இல்லப்பா. அதான் எழுதியிருக்கே."

"போகலன்னா எதுக்கு எழுதணும்?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். அட்டையை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "எல்லாரும் சொல்றாங்களே. தெரியாதவங்கல்லாம் வந்து சொல்றாங்க. அத்தனை பேரும் பொய்யா சொல்லுவாங்க?" என்றார்.

அதிலிருந்து அவர் வெளியே போவதை நிறுத்திவிட்டார். வெளியே வரச் சொல்லி நான் கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்ல முடியாது. கூட நடக்கிறேன் வாருங்கள் என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசல்வரை வருவார், பிறகு நின்றுவிடுவார். தன் நாற்காலியில், அம்மா படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "எங்க வீட்டுக்குத் தகவல் சொல்லிட்டீங்களா?" என்று என்னிடம், வேற்று ஆளிடம் போல, பன்மையில் கேட்கத் தொடங்கினார். முதல் தடவை அதைக் கேட்டபோது, பார்க்க வந்திருந்த தங்கை சமையலறைக்குள் போய்விட்டாள். சொல்லியாச்சு, வந்துனே இருக்காங்க என்று நான் சொன்னேன். இப்போது அதைத் தினமும் சொல்கிறேன். நடை நின்றதும் மற்றதும் வேகமாகப் போய்விட்டது. டாக்டர் எச்சரித்தது போலவேதான் ஆனது. மறதி எப்படியும் வளர்ந்திருக்கும், உங்கள் மேல் தப்பில்லை என்று அவர் சொல்கிறார். இருக்கலாம்.

அந்தப் பதிவு ஆந்திராவைத் தாண்டி வடக்கே போயிருக்கிறது. ஒரு நாள் யாரோ ஒரு வங்காளி எழுதிய செய்தியின் முதல் வரி மட்டும் ஃபோனின் மேல்பக்கம் வந்து நின்றது. ஆங்கிலத்தில் இருந்தது. இவரை எனக்குத் தெரியும், என் அம்மாவைத் தினமும் லிஃப்டில் அழைத்துப் போவார், ஒரு நாள் அம்மா அழுதுகொண்டிருந்தபோது இவர், என்று அதோடு நின்றிருந்தது. மீதியைப் படிக்க அழுத்தினேன். வரம்பு முடிந்திருந்தது. மறுநாள் தேடினால் அந்தச் செய்தியே இல்லை. அப்பா என்ன செய்தார் என்று அவரிடமே கேட்டுப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்து, பழைய வழக்கம்போலச் சிரித்துச் சமாளித்தார்.

போன வாரம் கம்பெனி வேனுக்குப் புது டிரைவர் வந்திருந்தார். சோளிங்கர் பக்கத்து ஆள். நான் ஏறி உட்கார்ந்ததும் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தவர், சிக்னலில் நின்றபோது திரும்பினார்.

"மேடம், தப்பா நெனைக்காதீங்க. உங்க அப்பாவக் காணோம்னு பார்த்தேன். உங்க போட்டோவும் சின்னதா இருந்துச்சு. நீங்கதானே?"

"நான்தான். ஆனா அவர் வீட்லதான் இருக்கார்" என்றேன்.

"அப்ப கெடச்சுட்டாரா? நல்லது மேடம்" என்றார். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். பச்சை விழுந்ததும் வண்டியை எடுத்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நான் காலையிலதான் எங்க ஊரு குரூப் எல்லாத்துலயும் போட்டுவிட்டேன்" என்றார்.